பதினொரு நாட்கள்

குதிரையென்றால் உதட்டை விலக்கிப்
பல்லைப் பார்த்து வாங்கலாம்.
இதற்குப் பல் இல்லை.
புகைக்குழாய் இல்லை, காது கொடுத்துக் கேட்க
ஓர் இருமல்கூட இல்லை.
பியானோவுக்குச் சுருதி கூட்டுவது என் பிழைப்பு.
பத்தொன்பது வருடமாக டீசல் வண்டியின்
நோயையெல்லாம் காதாலேயே கண்டுபிடித்தவள் நான்.

ஈசாஃபியோர்தூரில் கார் விற்கும் எய்னார்
நானூறு கிலோமீட்டர் போகும் என்றார்.
எந்த நானூறு என்று கேட்டேன்.
ஜூலை மாதத்து நானூறா, பிப்ரவரி மாதத்து நானூறா?
காற்று முதுகில் தள்ளும்போதா,
முகத்தில் அறையும்போதா?
அவர் காப்பி ஊற்றினார்.
காப்பி நன்றாக இருந்தது.

பக்கத்து வீட்டு பியார்ட்மர்
தன் காரை ஒரு வாரத்துக்குத் தந்தார்,
கீறல் விழுந்தால் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லி.

செவ்வாய். மைனஸ் ஆறு. எதிர்க்காற்று.
நூறு கிலோமீட்டருக்கு இருபத்தேழு யூனிட்.
(யூனிட் என்பது இதுவரை
சமையலறை பில்லில் மட்டும் குடியிருந்த சொல்.)
ஹீட்டரைக் குறைத்தேன், இருபத்து நான்கு.
விரல்கள் விறைத்தன.
விறைத்த விரலை வைத்துக்கொண்டு
நான் யாருக்கு என்ன சுருதி கூட்ட?
ஏற்றிவிட்டேன்.

புதன். கணவாய் ஏற்றத்தில் நூற்றுக்கு ஒன்பது போனது.
இறக்கத்தில் ஐந்து திரும்பி வந்தது.
வாங்கியதில் பாதிக்குமேல் திருப்பித் தரும் கடன்காரனை
இப்போதுதான் பார்க்கிறேன்.

சத்தமே இல்லை என்பதும் பொய்.
மெலிதாக ஒன்று பாடுகிறது.
வேகம் கூடக் கூட ஏறுகிறது
எந்தக் கட்டையிலும் நிற்காமல்.
எனக்கு அது பல்லைக் கூசியது.
முப்பதாவது கிலோமீட்டரில் மறந்தும் போனது.

வியாழன்.
ஃபியோர்டு முடியுமிடத்தில் ஒரு சின்னத் தேவாலயம்.
மறுநாள் அங்கே ஓர் இறுதிச் சடங்கு.
பியானோ குளிரில் அரைச் சுருதி இறங்கிக் கிடந்தது.
காரில் மிச்சம் நூற்றுக்குப் பதினொன்று.
வீடு தொண்ணூறு கிலோமீட்டர்.
சுவரில் இருந்த பிளக்கில் காரைச் செருகினேன்,
ஹீட்டரைத் தட்டினேன்.
டப்.
இருட்டு.

சாவி வைத்திருந்த சால்வோர்
டார்ச் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து
"காரா, பியானோவா?" என்றாள்.
இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பழைய கம்பியில் வலுவில்லை.
பியானோ என்றேன்.
மூன்று மணி நேரம் சூடாக்கி,
கம்பி கம்பியாய்ச் சுருதி ஏற்றினேன்.
பிறகு ஹீட்டரை அணைத்து, காரைச் செருகி,
அவள் வீட்டு சோபாவில் படுத்தேன்.
ராத்திரி முழுக்க அது சொட்டுச் சொட்டாகக் குடித்தது,
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவது போல.
செத்துப்போனவர் சால்வோரின் அண்ணன் என்று
விடிகாலையில்தான் தெரிந்தது.
டீசல் வண்டியில் வந்திருந்தால்
தெரியாமலே திரும்பியிருப்பேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்து
போன வருட டைரியை நாள் நாளாகப் புரட்டினேன்.
ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் தாண்டியது
பதினொரு முறை.
மற்ற முந்நூற்று ஐம்பத்து நான்கு நாட்களுக்கு
இந்தக் கார் தாராளம்.
அந்தப் பதினொன்றுக்குப் பயந்தா
இத்தனை வருடம் டீசல் ஊற்றினேன்?
எய்னார் கேட்டால் துள்ளிக் குதிப்பார்.
ஆனால் பதினொன்றில் ஒன்று,
விமானம் பறக்காத இரவில்
அம்மாவை ரெய்க்யவிக் ஆஸ்பத்திரிக்கு
எங்கும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனது.

எட்டு வயதான பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்று
எழுத்தில் கேட்டிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.
டீசல் வண்டி வாசலில் நிற்கிறது,
மூன்றாவது சிலிண்டரில் லேசாகத் திக்குகிறது.

நாளை பத்து மணிக்கு எலெக்ட்ரீஷியன் வருகிறார்,
என் வீட்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்க்க.